எருவும் கிணறும்: போசணை வட்டத்தின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

எமது இலக்கியத் திறனாய்வில் இயற்கை என்பது பெரும்பாலும் வருணனைக்குரிய பொருளாகவே நின்றுவிடுகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்ததை நாம் மனனஞ் செய்கின்றோம்; ஆயின் அந்நிலத்தில் ஒருமுறை விளைந்தது மறுமுறையும் எவ்வாறு விளைகின்றது என்ற வினாவை எழுப்புவதில்லை. மருதத்து மாந்தரின் வாழ்க்கையோ அவ்வினாவைச் சுற்றியே அமைந்திருந்தது. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரு குறள்கள் இதற்குச் சான்றாகும். ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்பது ஒன்று. உழுதலினும் எருவிடுதல் நன்று என்பது அதனையடுத்தது. இவ்விரண்டையும் முரணின்றிப் பொருத்திக் காட்டுதல் இயலாததன்று. எனினும், இருவேறு உழவு அனுபவங்கள் இங்கு அருகருகே வைக்கப்பட்டுள்ளன என்று கொள்ளவே நாம் விரும்புகின்றோம். காய்ந்த மண் மீண்டும் நனையும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் எழுச்சியுற்று, சேதனப் பொருளில் அடைபட்டிருந்த நைதரசனைப் பெருமளவில் விடுவிக்கின்றன என்பதைக் கிழக்காபிரிக்க மண்களில் ஆய்ந்த பேர்ச் என்பார் 1958 இல் விரிவாக எடுத்துக்காட்டினார். ஆகவே முதற்குறள் கூறுவது வெறும் உயர்வு நவிற்சியன்று. அது மண்ணின் சேமிப்பைச் செலவிடும் வழியைக் கூறுகின்றது; அடுத்தது சேமிப்பை மீள வைக்கும் வழியைக் கூறுகின்றது. இச்செலவையும் மீள்வைப்பையும் அறிவியலார் போசணை வட்டம் என்பர்.

இவ்வட்டம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதலில் நோக்குவோம். சூழற்றொகுதியொன்றினூடாகச் சக்தி ஒருவழியே பாய்கின்றது. சூரியனிலிருந்து வந்து, ஒளித்தொகுப்பினாற் பிடிக்கப்பட்டு, உண்பவற்றினூடாகவும் உண்ணப்படுபவற்றினூடாகவும் சென்று, இறுதியில் வெப்பமாகக் கழிந்துவிடுகின்றது. பதார்த்தத்தின் நிலை வேறு. காபன், நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் முதலிய மூலகங்கள் புவியில் உள்ள அளவினவே. அவற்றைக்கொண்டே உயிர்கள் மீண்டும் மீண்டும் ஆக்கப்படவேண்டும். உதிர்ந்த இலையையும் இறந்த உடலையும் பற்றீரியாக்களும் பங்கசுக்களுமாகிய பிரிகையாக்கிகள் சிதைத்து, வேர் உறிஞ்சத்தக்க எளிய உப்புக்களாக மாற்றுகின்றன. இவையில்லையெனில், சில தலைமுறைகளில் உலகின் போசணை முழுவதும் பிணங்களிலும் சருகிலும் அடைபட்டுப்போகும்.

நைதரசனின் பயணம் விந்தையானது. வளிமண்டலத்தின் 78 சதவீதம் நைதரசனே. ஆயினும் அதன் அணுக்களிரண்டும் மும்மைப் பிணைப்பினால் இறுகியிருப்பதால் தாவரம் அதனை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அப்பிணைப்பை அறுக்க வல்லவை மின்னலும் சில பற்றீரியாக்களுமேயாகும். பயறு, உழுந்து, சணல் முதலிய அவரையினத் தாவரங்களின் வேர்முடிச்சுகளில் இப்பற்றீரியாக்கள் குடியிருந்து நைதரசனைப் பதிக்கின்றன என்பதை ஹெல்றீகல், வில்பார்த் என்னும் ஜேர்மானியர் இருவர் 1886 இல் நிறுவினர். பதிக்கப்பட்ட நைதரசன் அமோனியாவாகிப் பின் நைத்திரேற்றாகின்றது. வேறு சில பற்றீரியாக்கள் அந்நைத்திரேற்றைப் பிரித்து மீண்டும் வளியிற் சேர்க்கின்றன. இவற்றுள் நைத்திரேற்றின் இயல்பொன்றை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். களித்துணிக்கைகளைப் போலவே நைத்திரேற்றும் மறையேற்றமுடையது. ஆதலால் மண் அதனைப் பற்றிவைப்பதில்லை. நீர் போகும் வழியே அதுவும் போய்விடும். பொசுபரசோ இதற்கு மாறானது. அதற்கு வளிநிலை இல்லை. பாறையிலிருந்து கரைந்து, மண்ணில் இறுகப் பிணைந்து, அரிப்பினால் மெல்ல மெல்லக் கடலைச் சேர்கின்றது. அங்கிருந்து கரைக்கு மீள்வது மீனுண்ணும் பறவைகளின் எச்சமாகவும், கரையொதுங்கும் சாதாளையாகவும் ஓரளவே.

வட்டம் என்பதைத் தானே சுழலும் சக்கரமாகக் கருதிவிடலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஹபார்ட் புறூக் காட்டில் போமன், லைக்கன்ஸ் முதலானோர் நடத்திய சோதனை இதனைத் தெளிவாக்கிற்று. 1965 ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு ஒரு சிற்றோடையின் நீரேந்துபரப்பிலிருந்த மரங்கள் யாவும் வெட்டப்பட்டன. வெட்டிய மரம் வெளியே கொண்டுசெல்லப்படவில்லை, விழுந்தவிடத்திலேயே விடப்பட்டது. களைகொல்லி தெளித்து மறுவளர்ச்சி மட்டும் தடுக்கப்பட்டது. விளைவாக, ஓடைநீரில் நைத்திரேற்றின் செறிவு அருகிலிருந்த வெட்டப்படாத காட்டின் ஓடையைவிட 40 மடங்குக்கு மேலாக உயர்ந்தது. ஒரு சருகும் அகற்றப்படாதவிடத்தும் வளம் வெளியேறிற்று. பிரிகையாக்கிகள் தம் பணியைச் செய்துகொண்டிருந்தன. விடுவிக்கப்பட்டதை ஏற்றுக்கொள்ள வேர் இல்லை. கொடுப்பதும் கொள்வதும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் உறவே வட்டம் எனப்படுவது. அவ்வுறவு முறியுமிடத்து, ஓரிடத்தில் வறுமையாகவும் பிறிதோரிடத்தில் நஞ்சாகவும் ஒரே மூலகமே தோன்றும்.

மனித சமுதாயத்தில் இவ்வுறவு உற்பத்தி உறவுகளினூடாகவே அமைகின்றது. இதனை முதலில் உணர்ந்தவர் மார்க்ஸ் அல்லர். ஜேர்மானிய இரசாயனவியலாளரான லீபிக் ஆவார். 1840 இல் வெளிவந்து, 1862 இல் ஏழாம் பதிப்புக் கண்ட தமது விவசாய இரசாயன நூலில், நகரத்துக்குத் தானியத்தை அனுப்பி எதனையும் திரும்பப் பெறாத பயிர்ச்செய்கையை அவர் கொள்ளையென்றே வருணித்தார். ஐரோப்பியப் போர்க்களங்களின் எலும்புகளையும் இங்கிலாந்து தன் வயலுக்கு வாரிச் சென்றதெனச் சாடினார். இந்நூலை மார்க்ஸ் ஆழ்ந்து கற்றார். இப்பொருளில் பொருளியலாளர் அனைவரையும் ஒன்றுசேர்த்தாலும் இந்த இரசாயனவியலாளர் அவர்களினும் முக்கியமானவர் என்ற கருத்துப்பட 1866 இல் எங்கெல்சுக்கு எழுதினார். அடுத்த ஆண்டில் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில், முதலாளித்துவ உற்பத்தி மக்களைப் பெருநகரங்களிற் குவிப்பதால் மனிதனுக்கும் நிலத்துக்குமிடையிலான அனுசேபம் குலைகின்றது என்றும், தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே சுரண்டியே அது முன்னேறுகின்றது என்றும் எழுதினார். எங்கெல்ஸ் 1894 இல் பதிப்பித்த மூன்றாம் பாகமோ இலண்டன் மக்களின் கழிவு வயலுக்குப் போகாமல் பெருஞ்செலவில் தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதை எடுத்துக்காட்டுகின்றது. அனுசேபம் என நாம் குறிக்கும் ஜேர்மன் சொல் பொருள்மாற்றம் என்ற நேர்ப்பொருளையுடையது. ஆதலின் மார்க்ஸ் அதனை உவமையாக ஆண்டார் எனல் பொருந்தாது. ஜோன் பெலமி பொஸ்ரர் 1999 இல் இக்கருத்தை 'அனுசேபப் பிளவு' என்று பெயரிட்டு மீட்டெடுத்தபின் இது ஒரு கோஷமாகவும் ஆகிவிட்டது. கோஷமாக்குவோர், சோவியத் திட்டமிடலின்கீழ் ஆரல் கடலுக்கு நேர்ந்த கதியையும் சேர்த்துப் படிப்பது நன்று.

பிளவை அடைக்க முதலாளித்துவம் வேறோரிடத்தைத் தோண்டியது. பெருவின் கரைக்கப்பாலுள்ள சிஞ்சாத் தீவுகளில் மழையற்ற சூழலில் பத்துக்கணக்கான மீற்றர் உயரத்துக்குக் குவிந்திருந்த பறவையெச்சம் 1840 களிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றப்பட்டது. அதனை வெட்டியோருள் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்பட்ட சீனர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளிற் சேர்ந்தது நாற்பதாண்டுகள் முடியுமுன் தீர்ந்தது. பறவையெச்சமுள்ள தீவுகளை அமெரிக்கர் உரிமைகொள்ளலாமென 1856 இல் ஐக்கிய அமெரிக்கா சட்டமே இயற்றிற்று. எச்சம் குறைந்தபின் அத்தகாமாப் பாலைவனத்து நைத்திரேற்று உப்பு அதனிடத்தைப் பெற்றது. அதன்பொருட்டு 1879 இல் மூண்ட போரில் பெருவும் பொலிவியாவும் சிலியிடம் தோற்றன. பொலிவியா தன் கடற்கரையை இழந்தது. பின்னர் ஹேபர் 1909 இல் ஆய்வுகூடத்தில் வளியின் நைதரசனிலிருந்து அமோனியாவைத் தொகுத்துக் காட்ட, பொஷ் அதனைத் தொழிற்சாலை முறையாக்க, 1913 இல் ஒப்பாவ் என்னுமிடத்தில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டமையால் அவ்வமோனியா வெடிமருந்துக்கும் பயன்பட்டது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ அரைப்பங்கினரின் உணவு இம்முறையிற் பெறும் நைதரசனில் தங்கியுள்ளதென மதிப்பிடப்படுகின்றது. இதனை வெறுமனே சாடுவோர் அவ்வரைப்பங்கினருக்கு விடைகூறக் கடமைப்பட்டவராவர்.

இவ்வுலக வரலாறு எமது கிணறுகளுக்குள்ளும் வந்து சேர்ந்துள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதன்மேல் மெல்லிய செம்மண் படை. வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வடகீழ்ப் பருவமழை மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் நீரே குடிக்கவும் இறைக்கவும் உள்ள நீர். இத்தகைய மண்ணில் ஆண்டுதோறும் தோட்டஞ் செய்தல் எருவின்றி இயலாது. பூவரசு, கிளுவை முதலியவற்றின் குழையை வேலிகளிலிருந்து வெட்டித் தாழ்த்தனர்; பனையோலையைக் கிடங்குகளிற் புதைத்தனர்; அறுவடை முடிந்த நிலத்தில் ஆடுமாடுகளைப் பட்டியடைத்தனர். வேலி இங்கு எல்லை மட்டுமன்று, பசளைக் களஞ்சியமுமாகும். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலை இவ்வெருவில் விளைந்ததே. புகையிலையோ மண்ணை மிக உறிஞ்சும் பயிர். ஆகவே பழைய யாழ்ப்பாணத்தைத் தன்னிறைவான ஒரு வட்டமாகச் சித்திரிப்பது பொருந்தாது. அதன் வளம் அன்றே சிற்பமாகக் கட்டப்பட்டுக் கடல்கடந்து சென்றுகொண்டிருந்தது.

அவ்வெருவைச் சுமந்தோர் யாவர் என்ற வினாவும் உண்டு. இதற்கு விடைதேடப் பள்ளு இலக்கியம் பயன்படும். வயலில் ஆட்டுக்கிடை வைப்பதற்கு இடையனை வருவித்தலும், அப்பணியில் தவறிய பள்ளனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டுதலும் பள்ளு மரபில் வரும் நிகழ்ச்சிகள். ஈழத்திலே தோன்றிய கதிரைமலைப் பள்ளு, பறாளை விநாயகர் பள்ளு ஆகியனவும் இவ்விலக்கிய வகையைச் சார்ந்தனவே. மூத்தபள்ளி இளையபள்ளியரின் சக்களத்திச் சண்டையை நகைச்சுவையெனச் சுவைத்துவந்த எமது திறனாய்வு, தொழுவிற் பூட்டப்பட்ட கால்களுக்குரியவன் அந்நிலத்தில் ஒரு பிடி மண்ணும் உடையவனல்லன் என்பதை அழுத்திக் கூறியதில்லை. வளத்தை நிலத்துக்கு மீட்டளிக்கும் பொறுப்பு அவனுடையது; மீண்ட வளத்தின் பயன் பிறருடையது. யாழ்ப்பாணத்தில் அடிமைமுறை 1844 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபின்னரும் குழை வெட்டுவதும் எருச் சுமப்பதும் எச்சாதியாரின் வேலையென்பது மாறிவிடவில்லை. 'முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்' என்று எழுதுவோர் அந்த முன்னோரில் எவரைக் கருதுகின்றனர் என்பதை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

1960 களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரமும் யூரியாவும் துலாவினதும் குழையினதும் இடத்தைப் பிடித்தன. 1970 இற் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாண விவசாயி முன்னறியாத வருவாயைக் கண்டான். ஒரே துண்டு நிலத்தில் ஆண்டுக்கு இரு போகம், மூன்று போகம் செய்தான். மூடைக்கணக்கில் யூரியா இட்டான். 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் அவ்வருவாயைப் பறித்தது. பசளை இடும் பழக்கத்தைப் பறிக்கவில்லை. போட்டி மிகுந்த சந்தையில் விளைச்சலைக் குறைக்க அவனால் முடியாது. வேலிகள் மதில்களாகக் குழையும் அருகியது. எஞ்சியது வன்னியிலிருந்து லொறியிற் கொணரப்பட்ட மாட்டெரு. அதன் விலையோ ஏறிக்கொண்டே சென்றது.

பயிர் உறிஞ்சியது போக எஞ்சிய நைத்திரேற்று மழையோடும் இறைத்த நீரோடும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிற்று. நெருக்கமான குடியிருப்புகளில் கிணற்றுக்கு அருகே வெட்டப்பட்ட மலசலகூடக் குழிகளும் அதனோடு சேர்ந்தன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். குடாநாட்டின் பல கிணறுகள், சிறப்பாகத் தோட்டப் பகுதிக் கிணறுகள், இவ்வெல்லையைத் தாண்டியுள்ளமையை 1980 களிலேயே ஆய்வுகள் வெளிப்படுத்தின. பின்வந்த ஆய்வுகளும் அதனை உறுதிசெய்துள்ளன. போத்தற் பாலுண்ணும் கைக்குழந்தைக்கு இந்நீர் ஆபத்தானது. குழந்தையின் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்க இயலாது போவதால் உடல் நீலம் பாரிக்கின்றது.

இங்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். 50 மில்லிகிராம் நைத்திரேற்றில் உள்ள நைதரசன் ஏறத்தாழ 11 மில்லிகிராம். எல்லையளவில் நைத்திரேற்றுடைய கிணற்றிலிருந்து ஒரு ஹெக்டேயர் தோட்டத்துக்கு ஒரு போகத்தில் 6,000 கன மீற்றர் நீர் இறைக்கப்படுமாயின், அந்நீரோடு 68 கிலோகிராம் அளவான நைதரசன் நிலத்துக்கு வந்துவிடுகின்றது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆகவே இது 50 கிலோகிராம் யூரியா மூடை மூன்றுக்கு ஈடாகும். இதில் ஒரு பகுதி மீண்டும் கீழிறங்கும் என்பது உண்மையே. எனினும், தான் ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கிய நைதரசனை மண்ணெண்ணெயோ மின்சாரமோ செலவிட்டு மேலே இறைக்கும் விவசாயி, அதன்மேல் மறுபடியும் மூடை வாங்குகின்றான். கிணற்று நீரைச் சோதித்து அதற்கேற்பப் பசளையைக் குறைக்கும்படி அவனுக்குக் கூறுவது எளிய காரியம். மூடை விற்பவருக்கு அதில் இலாபமில்லை.

மலைநாட்டில் இதே பிளவு வேறு வடிவில் நிகழ்ந்தது. காட்டை அழித்துக் கோப்பியும், 1869 இற் பரவத் தொடங்கிய இலைநோயினாற் கோப்பி வீழ்ந்தபின் தேயிலையும் நடப்பட்டன. பதப்படுத்திய தேயிலையில் ஏறத்தாழ 4 சதவீதம் நைதரசன். ஆயிரம் கிலோகிராம் தேயிலை கப்பலேறும்போது மலைமண்ணின் நைதரசன் 40 கிலோகிராமும் ஏறுகின்றது; கொழுந்து பறித்தவளின் உழைப்பு அதனோடு செல்வதை எவரும் நிறுத்துப் பார்த்ததில்லை. திரும்பி வருவது வெளிநாட்டுப் பசளை. பொசுபரசைப் பொறுத்தவரை, 1971 இற் கண்டறியப்பட்ட எப்பாவல அப்பற்றைற்றுப் படிவு எமக்குண்டு. நீரில் எளிதிற் கரையாத அது, நீண்டகாலப் பயிர்களுக்கு மெதுவாக உதவவல்லது. அப்படிவைப் பன்னாட்டு நிறுவனமொன்று குறுகிய காலத்தில் அகழ்ந்து தீர்க்கவிருந்த திட்டத்தை எதிர்த்து அவ்வூர் விவசாயிகள் வழக்காடி, 2000 இல் உயர் நீதிமன்றத்தில் வென்றனர். நவூறு தீவின் பொசுபேற்று 1906 முதல் அகழப்பட்டு, தீவின் நடுப்பகுதி கற்கூர்களாக எஞ்சியதை அறிந்தோர் இத்தீர்ப்பின் பெறுமதியை உணர்வர்.

2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தடைசெய்தது. நஞ்சற்ற உணவு என்பது கூறப்பட்ட காரணம். அந்நியச் செலாவணி வற்றியிருந்தது கூறப்படாத காரணம். ஹெக்டேயருக்கு 5,000 கிலோகிராம் நெல் விளையுமாயின் மணியோடு மட்டும் 50 கிலோகிராமுக்குக் குறையாத நைதரசன் வயலைவிட்டு வெளியேறும். அதனை ஏறத்தாழ 110 கிலோகிராம் யூரியா ஈடுசெய்யும். நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுடைய கூட்டெருவாயின் 5,000 கிலோகிராம் வேண்டும். அதுவும் அப்போகத்துக்குள் முழுமையாகப் பயிருக்குக் கிட்டாது. நாடெங்கும் அவ்வளவு கூட்டெருவை ஆக்கும் மாடுகளோ, குழைக்காடுகளோ, தொழிலாளர் கைகளோ ஒரு கட்டளையில் தோன்றுவனவல்ல. கூட்டெருவையும் கப்பலில் இறக்குமதி செய்ய முற்பட்டமை இதன் உச்சம். சீனாவிலிருந்து வரவிருந்த சரக்கின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவினர் கண்டமையால் அது ஏற்கப்படவில்லை. விளைச்சல் சரிந்தது, விவசாயிகள் வீதிக்கு வந்தனர், நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முறிந்திருந்த உறவை வர்த்தமானி அறிவித்தலால் ஒட்டவைக்க முனைந்தவர்கள், சேதனப் பசளை என்ற நற்கருத்தையே மக்கள் நகைக்கும்படி செய்துவிட்டமை இதன் இன்னொரு தீங்கு.

நகரத்தின் கழிவை வயலுக்கு மீட்பதே மார்க்ஸ் சுட்டிய வழி. எமது நாட்டில் அவ்வழியின் நடுவே சாதி நிற்கின்றது. வாளி மலசலகூடங்கள் இருந்த காலத்தில் யாழ்ப்பாண நகரத்தின் கழிவைத் தலையிலும் வண்டியிலும் சுமந்தோர் ஒடுக்கப்பட்ட மக்களே; அக்காலம் முடிந்ததை அவர்கள் விடுதலையாகவே கண்டனர்; அது நியாயமே. இன்று குழிகள் நிரம்பும்போது வவுசர் வந்து உறிஞ்சிச் செல்கின்றது. உறிஞ்சப்படாதது கிணற்றுக்குக் கசிகின்றது. இயந்திரங்களால் அகற்றி, கிருமியழித்து, உலர்த்தித் தோட்டத்துக்கு அளிக்கும் தொழில்நுட்பம் உலகில் உண்டு. அதற்குரிய செலவை உள்ளூராட்சி சபை ஏற்பதா, பசளை இறக்குமதிக்கு மானியம் வழங்கும் மத்திய அரசு ஏற்பதா, அதில் தொழில்புரிவோருக்கு என்ன ஊதியம், என்ன பாதுகாப்பு என்பன வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படவேண்டிய விடயங்கள். இதுவரை அவை எழுதப்படவில்லை.